அந்தப் பாட்டைத் தைத்த இரண்டு பேர்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காபியோடு படிக்கிறவர்கள் இன்னொரு டம்ளர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பேத்தி கைபேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டைப் போட்டாள். "தாத்தா, மரையா கேரி பாட்டு. நீங்க இங்கிலீஷ் வாத்தியார்தானே, கேளுங்க" என்றாள்.

"அது மரையா கேரி பாட்டு இல்லம்மா" என்றேன்.

போனைத் திருப்பி என் மூக்குக்கு நேரே காட்டினாள். படமும் பெயரும் இருந்தன.

"பாடினது அவங்கதான். பாட்டு அவங்களோடது இல்ல."

"அப்ப யாரோடது?"

அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். அவளிடம் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டின் பெயர் 'வித்தவுட் யூ'. 'நீ இல்லாமல்' என்று பொருள். பிரிவுத் துயரப் பாட்டு. ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் எடுத்துத் தன் பாணியில் பாடுவதை ஆங்கிலத்தில் கவர் வெர்ஷன் என்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பாடகர்கள் இதை அப்படி எடுத்துப் பாடியிருக்கிறார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு. ஆனால் அதை எழுதியவர்கள் பெயரைக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிசயம்.

கதை 1970இல், லண்டனில் தொடங்குகிறது.

கோல்டர்ஸ் கிரீன் என்ற பகுதியில் ஒரு வீடு. இசைக்குழு ஒன்றின் இளைஞர்கள் அங்கே ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். குழுவின் பெயர் பேட்ஃபிங்கர். அதற்கு முன் 'ஐவீஸ்' என்ற பெயரில் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ ஊரில் தொடங்கிய குழு அது. பீட்டில்ஸ் குழுவினர் நடத்திய ஆப்பிள் நிறுவனம் 1968இல் இவர்களை ஒப்பந்தம் செய்தது. முதல் பெரிய வெற்றிப்பாட்டான 'கம் அண்ட் கெட் இட்' பாட்டைப் பால் மெக்கார்ட்னியே எழுதிக் கொடுத்தார். இதைவிட நல்ல தொடக்கம் யாருக்குக் கிடைக்கும்?

குழுவில் இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பீட் ஹாம், ஸ்வான்சீ பையன். இன்னொருவர் டாம் எவன்ஸ், லிவர்பூல் பையன். இருவரும் 1947இல் பிறந்தவர்கள்.

ஒருநாள் மாலை பீட் ஹாம் தன் காதலியை வெளியே அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். புறப்படும் நேரத்தில் டாம் எவன்ஸ் வந்து, பாட்டு வேலை செய்யலாம் வா என்கிறார். பீட் தயங்குகிறார். அந்தப் பெண், பரவாயில்லை, போய் வேலையைப் பார் என்கிறாள். வாய் சிரிக்கிறது, கண்ணில் மட்டும் வருத்தம். பீட் அதைக் கவனித்தார். கவனித்தும் வேலைக்குத்தான் போனார். அன்று இரவே ஒரு பாட்டு எழுதினார். சரணம் நன்றாக வந்தது. பல்லவிதான் அவருக்கே பிடிக்கவில்லை.

டாம் எவன்ஸ் கதை வேறு. பின்னாளில் அவருக்கு மனைவியான பெண் அப்போது அவரை விட்டு ஜெர்மனியின் பான் நகருக்குப் போய்விட்டார். இவர் தவித்துப்போய் அவளைத் தேடி விமானம் ஏறினார். அந்தத் தவிப்பில் ஒரு பல்லவி வந்தது. இவருக்குப் பல்லவி இருக்கிறது, அதைத் தாங்கச் சரணம் இல்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்து, இவருடைய சரணத்தையும் அவருடைய பல்லவியையும் சேர்த்துத் தைத்தார்கள். தைத்தார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இரண்டு வேறு துணிகள். சரணத்தில் இருப்பது ஒரு சின்னக் குற்ற உணர்வு: ஐயோ, முகம் வாடியதைப் பார்த்தும் போய்விட்டேனே என்கிற உறுத்தல். பல்லவியில் இருப்பது பெருங்கதறல். சரணத்துப் பெண் வீட்டில்தான் இருந்தாள். பல்லவியின் பெண் நாடு தாண்டிப் போயிருந்தாள். கேட்கிற நமக்கு ஒரே பெண்ணாகத் தெரிகிறாள். அதுதான் அந்தப் பாட்டின் பலம் என்று நினைக்கிறேன். சின்ன வருத்தம் பெரிய இழப்பாவதற்கு இடையில் எவ்வளவு தூரம் இருக்கும்? சில சமயம் ஒரு வரிதான்.

1970 நவம்பரில் வந்த 'நோ டைஸ்' என்ற இசைத்தட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டாக இதை வைத்தார்கள். தனி இசைத்தட்டாகக்கூட வெளியிடவில்லை. கேட்டுப் பாருங்கள், கிதார்தான் முன்னால் நிற்கும். அலங்காரம் இல்லை. கதறல் வரும் இடத்தில்கூட, பக்கத்து அறையில் ஆள் இருக்கிறார்களே என்று கூச்சப்படுகிற குரல் மாதிரி இருக்கும். அவர்களுக்கே அது தங்கள் இசைத்தட்டில் இருந்த பாட்டுகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அப்புறம் வந்தார் ஹாரி நில்சன்.

நில்சன் அமெரிக்கர், நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். மூன்று வயதில் தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பாட்டுத்துறையில் நிலைக்கும் வரை இரவு நேரத்தில் வங்கியில் கணினி வேலை பார்த்தார். அருமையாகப் பாட்டு எழுதுவார். ஆனால் அவர் தலையெழுத்தைப் பாருங்கள். அவர் எழுதிய 'ஒன்' என்ற பாட்டை வேறொரு குழு பாடிப் புகழ்பெற்றது. அவர் பாடிப் புகழ்பெற்ற 'எவ்ரிபடிஸ் டாக்கின்' வேறொருவர் எழுதியது. பிரிவு என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும். இரவல் என்றால் என்ன என்றும் தெரியும்.

ஒரு விருந்தில் இந்தப் பாட்டைக் கேட்டு, பீட்டில்ஸ் பாட்டு என்றே நினைத்துக்கொண்டார். தேடிப் பார்த்த பிறகுதான் பேட்ஃபிங்கர் என்று தெரிந்தது. 1971இல் லண்டனின் டிரைடென்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடினார். பியானோ மட்டும் வைத்துச் சுருக்கமாகப் பாடுவது அவர் எண்ணம். தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரிக்குப் பெரிய வாத்தியக் கூட்டம் வேண்டும். இருவருக்கும் வாக்குவாதம் ஆனது. கடைசியில் பெர்ரி ஜெயித்தார்.

பியானோ தனியாகத் தொடங்கும். குரல் ரகசியம் சொல்வதுபோல் வரும். பிறகு வயலின்கள் சேரும். பாட்டின் பிற்பாதியில் பல்லவி திரும்ப வரும்போது நில்சன் குரலை ஒரேயடியாக மேல் ஸ்தாயிக்குத் தூக்குவார். முதல்முறை கேட்பவர் நிமிர்ந்து உட்காராமல் இருக்க முடியாது. பேட்ஃபிங்கர் பையன்கள் வெட்கப்பட்டு அடக்கியதை நில்சன் வாசலைத் திறந்து வெளியே விட்டார்.

1972இல் அமெரிக்கப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடம். பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். கிராமி விருதும் வந்தது.

ஒரு பாட்டை யார் பாடினாலும், அது விற்கிறபோதும் வானொலியில் ஒலிக்கிறபோதும் எழுதியவருக்கு ஒரு பங்கு வரும். ராயல்டி என்பார்கள். அப்படியானால் ஹாமும் எவன்ஸும் பணக்காரர்கள் ஆகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை.

குழுவுக்கு ஓர் அமெரிக்க மேலாளர் இருந்தார். இளைஞர்கள் சம்பாதித்ததெல்லாம் அவர் கையில் இருந்த நிறுவனத்துக்குப் போகும். இவர்களுக்கு அதிலிருந்து சம்பளம் வரும். நில்சன் பாட்டு புகழ்பெறுவதற்கு முந்தைய கணக்கு ஒன்று பதிவாகியிருக்கிறது. 1970 டிசம்பர் முதல் 1971 அக்டோபர் வரை மேலாண்மைக் கமிஷன் 75,744 டாலர். பீட் ஹாமுக்குக் கிடைத்தது 5,959 டாலர். மரத்தை வைத்தவனுக்கு ஒரு காய், வேலி போட்டவனுக்குத் தோப்பு.

1974இல் பணம் காணாமல்போன விவகாரத்தில் இவர்களுடைய புதிய இசைத்தட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. வெளிவந்து சில வாரமே ஆன இவர்களுடைய இசைத்தட்டைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். வருமானம் நின்றது. பீட் ஹாம் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தார். வீட்டில் அவருடைய துணைவி கர்ப்பமாக இருந்தார்.

1975 ஏப்ரல் 24 அன்று பீட் ஹாம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 28 வயது. ஒரு மாதம் கழித்து மகள் பிறந்தாள்.

டாம் எவன்ஸ் அந்த இழப்பிலிருந்து மீளவே இல்லை. இடையில் குழாய்களுக்கு உறை போடும் கூலி வேலைக்கும் போனார். உலகம் முழுக்க வானொலியில் தான் எழுதிய பல்லவி ஒலித்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் குழாய் வேலை பார்த்தார். 1983 நவம்பரில் ஒரு நாள் இரவு, குழுவின் பழைய நண்பருடன் தொலைபேசியில் சண்டை. எதற்கு? இந்தப் பாட்டின் ராயல்டியை யார் யார் பங்கிட்டுக்கொள்வது என்பதற்கு. மறுநாள் காலை, நவம்பர் 19, அவரும் பீட் போன வழியிலேயே போய்விட்டார். வயது 36.

இதைப் படிக்கிற இளம்பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாராகச் சொல்கிறேன். பணக்கஷ்டமும் ஏமாற்றமும் தனியாகச் சுமக்கிறபோதுதான் மலையாகத் தெரியும். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆள் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள். ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி.

இப்போது மரையா கேரிக்கு வருவோம். 1993இல் வந்த 'மியூசிக் பாக்ஸ்' தொகுப்பில் அவர் இதைப் பாடினார். பின்பற்றியது நில்சன் பாடிய வடிவத்தைத்தான், பேட்ஃபிங்கரை அல்ல. அதாவது இரவலின் இரவல். 1994 ஜனவரி 24 அன்று தனி இசைத்தட்டாக வெளிவந்தது. பிரிட்டனில் வந்த வாரமே முதலிடம். ஐரோப்பாவில் இன்னும் பல நாடுகளிலும் முதலிடம். அமெரிக்காவில் மூன்றாம் இடம். அது வெளிவருவதற்கு ஒன்பது நாள் முன்பு, ஜனவரி 15 அன்று, ஹாரி நில்சன் 52 வயதில் இதயநோயால் காலமாகியிருந்தார். பாட்டு மூன்றாவது ஆளிடம் போய்ச் சேர்ந்த நேரத்தில் முதல் மூவரும் இல்லை.

கேரியின் பாட்டில் துக்கத்துக்குத் துணைக்கு ஆள் உண்டு. கடைசியில் பின்னணிக் குரல்கள் கூட்டமாக வந்து சேரும், தேவாலயப் பாடகர் குழு போல. நம் ஊர் இழவு வீட்டில் ஒருத்தி தொடங்கினால் மற்றப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்களே, அந்த மாதிரி. நில்சன் தனியாக அழுதார். கேரி ஊரைக் கூட்டி அழுதார்.

இன்னொரு குரலையும் சொல்லியாக வேண்டும். 2008இல் பல்கேரியா நாட்டின் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு ஒரு பெண் வந்து இதே பாட்டைப் பாடினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. காதால் கேட்டதை அப்படியே ஒலிகளாகப் பிடித்து வைத்திருந்தார். பல்லவியின் முதல் சொற்கள் 'கென் லீ' என்று ஓர் ஆளின் பெயர் மாதிரி வந்தன. எந்த மொழி என்று நடுவர்கள் கேட்டார்கள். ஆங்கிலம் என்று அமைதியாகச் சொன்னார். அந்தக் காணொளி உலகம் சுற்றியது. எங்கள் ஆசிரியர் அறைக்கும் வந்தது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதிகம் சிரித்தது ஆங்கில வாத்தியாரான நான்தான்.

அன்று பிற்பகல் ஒன்பதாம் வகுப்பு. ஒரு பையன் எழுந்து ஆங்கிலச் செய்யுளை ஒப்பித்தான். தகப்பனார் செங்கல் சூளையில் வேலை. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல், ஓசையை மட்டும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஓர் இடத்திலும் நிற்காமல் சொல்லி முடித்தான். வகுப்பு சிரித்தது. என் வாயும் காலையில் சிரித்த பழக்கத்தில் சிரித்துவிட்டது. அவன் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது என் முகத்தை. அந்தப் பார்வை எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் காணொளியை மறுபடி போட்டுப் பார்த்தேன். சொல் ஒன்றும் சரியில்லை. ஆனால் எங்கே குரல் தழுதழுக்க வேண்டும், எங்கே உயர வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்வான்சீ பையனும் லிவர்பூல் பையனும் தைத்தது, மொழி முழுக்க உதிர்ந்த பிறகும் அங்கே இருக்கிறது. அதைக் கேட்க எனக்கு ஆங்கிலப் பட்டம் தடையாக இருந்திருக்கிறது.

பேத்தியிடம் சொல்லாத பகுதி இனிதான்.

மரையா கேரி பாட்டு எங்கள் வீட்டுக்கு 1994இலேயே வந்தது. துபாயில் இருந்த மைத்துனர் கொண்டுவந்த கேசட். உங்கள் பாட்டிக்கு, அதாவது என் மனைவிக்கு, ஆங்கிலம் வராது. அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு, "இந்தப் பொண்ணு ஏங்க இப்படி அழுவுது? யாரும் சமாதானம் சொல்ல மாட்டாங்களா?" என்பாள்.

அந்த வருஷங்களில் மாலையானால் நான் வீட்டில் இருந்ததே இல்லை. பத்தாம் வகுப்புக்குத் தனி வகுப்பு, சங்கக் கூட்டம், அறிவொளி வகுப்பு, விடைத்தாள் திருத்தம். எல்லாம் நல்ல காரியங்கள்தான். கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி வைத்திருப்பேன். அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நிற்பாள். வாசலில் யாராவது "சார்" என்று கூப்பிடுவார்கள். நான் திரும்பிப் பார்ப்பேன். "போய்ட்டு வாங்க. எனக்கென்ன, நாளைக்குப் போனாப் போச்சு" என்று சிரிப்பாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த முதல் வருஷம் என்னால் கேரியையும் கேட்க முடியவில்லை, நில்சனையும் கேட்க முடியவில்லை. அவ்வளவு பெரிய சத்தம் என் வீட்டுக்குள் கொள்ளவில்லை. ஒரு நாள் இரவு தூக்கம் வராமல் பேட்ஃபிங்கர் பாடியதைத் தேடிப் போட்டேன். சரணத்திலேயே நிறுத்திவிட்டேன். வாய் சிரித்து, கண் வாடி நின்ற அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் போனவனையும் தெரியும்.

இருபத்தைந்து வருஷமாக இதைப் பிரிவுப் பாட்டு என்றே நினைத்திருந்தேன். எல்லோரும் பல்லவியைத்தான் பாடுகிறார்கள், பல்லவியைத்தான் மேலே மேலே தூக்குகிறார்கள். அதற்குக் கீழே, யார் பாடினாலும் அழியாமல், செய்த வேலைக்காக வீட்டில் இருந்தவளிடம் ஒருவன் சொல்லாமல் விட்ட மன்னிப்பு இருக்கிறது. அதை எழுதியவனுக்கு அப்போது 23 வயதுகூட நிரம்பியிருந்ததோ என்னவோ. எனக்கு அது புரிய 67 வயது ஆனது.

"அப்ப யாரோடது?" என்று பேத்தி கேட்டாளே, அதற்கு என் பதில் இதுதான். துக்கம் யாருக்கும் சொந்தமில்லை. ஒப்பாரிக்கு உரிமைப்பத்திரம் கிடையாது. யார் வீட்டில் சாவோ அவர்கள் பெயரைப் போட்டுப் பாடிக்கொள்ளலாம். நில்சனும் கேரியும் பாடியதில் தப்பே இல்லை. அவர்கள் பாடியிராவிட்டால் இந்தப் பாட்டு ஒரு பழைய இசைத்தட்டின் ஓரத்திலேயே கிடந்திருக்கும். ஆனால் உழைப்பு சொந்தமுள்ளது. தைத்த கைக்குக் கூலி கொடுக்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் உயிரோடு இருந்தபோது கூலியும் சரியாகப் போய்ச் சேரவில்லை, பெயரும் போய்ச் சேரவில்லை.

2013 ஏப்ரல் 27, இருந்திருந்தால் பீட் ஹாமின் 66ஆவது பிறந்தநாள். அன்று ஸ்வான்சீ நகரில் அவர் நினைவாக நீலநிறக் கல்வெட்டு ஒன்றைத் திறந்தார்கள். தகப்பனை ஒருநாளும் பார்த்திராத அந்த மகளும் வந்திருந்தார்.

வாத்தியார் பதிவு என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடியாது. பேட்ஃபிங்கர், நில்சன், கேரி, இந்த வரிசையில் ஒரே இருப்பில் மூன்றையும் கேளுங்கள். பாட்டு எப்படி வளர்கிறது என்று தெரியும். பிறகு முதலாவதை மட்டும் மறுபடி ஒருமுறை கேளுங்கள், சரணத்தைக் கவனித்து.

இன்று மாலை வீட்டில் யாராவது "பரவாயில்லை, போய்ட்டு வாங்க" என்று சொன்னால், செருப்பை மாட்டும் முன் ஒரு தடவை முகத்தைப் பாருங்கள்.

பாட்டை எழுதியவர்கள் பீட் ஹாம், டாம் எவன்ஸ். பேத்தி இப்போது சரியாகச் சொல்கிறாள்.